மெய்நிகர் கணினிக்கு இடமும் பேக்கப்பும்

ஒரு சர்வருக்குள் பத்துப் பதினைந்து கணினிகளைத் தனித்தனியாக இயக்க வழி செய்வது மெய்நிகர் கணினி எனப்படும் வெர்ச்சுவல் மெஷின். ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே பெரிய கணினிகளில் இதைச் செய்ய விஎம்/370 என்ற மென்பொருளை வெளியிட்டது. இன்று வங்கி, மருத்துவமனை, கல்லூரி என்று எங்கும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

மெய்நிகர் கணினியின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ஒரு பெரிய ஃபைல்தான். 100 ஜிபி ஒதுக்கினாலும், உள்ளே 20 ஜிபி எழுதியிருந்தால் அந்த ஃபைல் சுமார் 20 ஜிபி இடத்தை மட்டும் பிடிக்கும்படி அமைக்கலாம். இந்தச் சிக்கனத்தை நம்பி, 1,000 ஜிபி டிஸ்கில் இப்படிப்பட்ட 15 கணினிகளை வைத்துவிடுகிறார்கள். எல்லாம் சேர்ந்து வளர்ந்தால் ஒருநாள் டிஸ்க் நிரம்பும். எழுத இடமில்லாமல் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும். உள்ளே இருப்பதை அழித்தாலும் வெளியே உள்ள ஃபைல் தானாகச் சுருங்குவதில்லை. காலியான இடத்தைத் திருப்பித் தர லினக்ஸில் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை உண்டு. அதற்கு மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும்.

இடத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது, கணினியின் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட். அதை எடுத்த நொடியில் மூல ஃபைல் அப்படியே உறைந்துவிடும். பிறகு நடக்கும் மாற்றங்கள் தனி ஃபைலில் சேரும். அப்டேட் போடும் முன் எடுத்துக்கொள்ள இது அருமையான வசதி. ஆனால் மூல ஃபைல் கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் பயன்படாது. அதை பேக்கப் என்று நம்புவதுதான் இத்துறையின் மிகப் பெரிய ஆபத்து. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது மெய்நிகர் கணினி மென்பொருளான விஎம்வேரின் அறிவுரை.

உண்மையான பேக்கப் வேறு டிஸ்கில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது நெடுநாளைய நடைமுறை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ஃபைலை அப்படியே காப்பி எடுத்தால், பாதி எழுதிய டேட்டாபேஸ்தான் கைக்கு வரும். அதனால் நல்ல பேக்கப் மென்பொருள்கள் எழுதுவதை ஒரு கணம் நிறுத்தி, நிலையான படத்தை எடுத்த பிறகே நகலெடுக்கும். முதல்முறை முழுவதையும், அடுத்தடுத்து மாறிய பகுதிகளை மட்டும் எடுப்பதால் நேரமும் இடமும் மிச்சமாகும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. வழக்கமான பேக்கப்பைத் தேடியபோது, மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் அது ஓடவே இல்லை என்று தெரிந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் ஸ்னாப்ஷாட் எடுத்து வேறு கணினிக்கு நகலெடுத்திருந்ததால் அதுவரையிலான பதிவுகள் பிழைத்தன. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனவை போனவைதான்.

எனவே சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் மாதம் ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு கணினியைத் தனியே மீட்டெடுத்து, அது பூட் ஆகிறதா, நேற்றைய பதிவு உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட வேண்டும்.