ஆசிரியரின் சுமையும் பின்மேசைப் பிள்ளையும்



வழமையாக நான் பேசுகின்ற வருமான வரி, வீட்டுக்கடன் விடயங்களை இந்த மாதம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். கணக்காளருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன அலுவல் என்று சிலர் கேட்பீர்கள். ஒரு வேலையை யார் யாரிடம் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் இன்றைய விடயம். அது எங்கள் கந்தோர்களில் தினமும் நடப்பது. அதைவிட, இந்த நாட்டுப் பாடசாலைகளில் வகுப்பறை உதவியாளர்களாகவும், மதிய உணவு நேர மேற்பார்வையாளர்களாகவும், அலுவலக லிகிதர்களாகவும் எம்மவரில் எத்தனையோ அம்மாமார் வேலை செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அதே வகுப்பறைகளில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது இரண்டு பக்கத்தாலும் எங்களைத் தொடுகின்ற விடயம்.

ஊரிலே எங்கள் ரீச்சர்மாரை நினைத்துப் பாருங்கள். வரவு இடாப்புக் கூப்பிடுவதும் அவர், வசதிக் கட்டணம் சேர்ப்பதும் அவர், பரீட்சை மண்டபத்தில் நிற்பதும் அவர், இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் வெயிலில் நின்று இல்லம் சோடிப்பதும் அவர். அதெல்லாம் ரீச்சரின் வேலைதான் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக வேறுபட்டிருக்கவில்லை. 2001 ஆம் ஆண்டில் அரசாங்கம் ஆசிரியர்களின் வேலைப்பளுவை அளந்து சொல்லும்படி பிரைஸ்வோட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனத்தைக் கேட்டது. (பார்த்தீர்களா, அங்கேயும் கணக்காளர்கள்தான் போயிருக்கிறார்கள்!) தவணைக் காலத்தில் ஓர் ஆசிரியர் வாரத்துக்குச் சராசரியாக 52 மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று அவர்கள் கண்டார்கள். அதில் எவ்வளவோ நேரம் படிப்பித்தலோடு சம்பந்தமில்லாத கடதாசி வேலையில் போனது.

அதன் பிறகு, 2003 தை மாதத்தில் அரசாங்கமும் பாடசாலை நிர்வாகங்களின் தரப்பும் பெரும்பாலான தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 2003 புரட்டாதியிலிருந்து போட்டோக்கொப்பி அடித்தல், காசு சேர்த்தல், வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அழைப்பு எடுத்தல், சுவரில் படங்கள் ஒட்டுதல் என்று இருபதுக்கும் மேற்பட்ட வேலைகளை ஆசிரியர்கள் வழமையாகச் செய்யத் தேவையில்லை என்றானது. அடுத்த ஆண்டில், வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் நேரத்துக்கு வருடத்துக்கு 38 மணித்தியாலம் என்று எல்லை போட்டார்கள். 2005 இல், பாடம் ஆயத்தம் செய்யவும் கொப்பி திருத்தவும் கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நல்ல காரியங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்த வேலைகளையும் அந்த நேரத்தையும் யாராவது ஏற்கவேண்டும் அல்லவா? அப்படித்தான் உதவியாளர் பதவிகள் பெருகின. 2000 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய எண்பதாயிரம் முழுநேர இடங்களாக இருந்த வகுப்பறை உதவியாளர் தொகை, இன்று இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. தகுதி பெற்றவர்களுக்கு உயர்நிலை உதவியாளர் என்று ஒரு படியும் வந்தது. அவர்கள் ஆசிரியரின் வழிநடத்தலில் முழு வகுப்பையும் எடுக்கலாம்.

அன்றைக்கு ஒப்பமிடாமல் நின்றது ஒரு பெரிய ஆசிரியர் சங்கம், என்.யு.ரி. ஆசிரியப் பயிற்சி இல்லாதவர்களை மலிவாக வகுப்புக்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். சங்கப் பிடிவாதம் என்று பலர் தட்டிவிட்டார்கள். 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்த்தால் அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது தெரியும். லண்டன் கல்வி நிறுவகத்தின் பேராசிரியர் பீற்றர் பிளாச்போர்ட் தலைமையில், 2003 தொடக்கம் 2008 வரை நடந்த பெரிய ஆய்வு அது. உதவியாளர்கள் வந்தபின் ஆசிரியரின் சுமையும் மன அழுத்தமும் குறைந்தன என்று அது கண்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. உதவியாளரோடு கூடுதல் நேரம் இருந்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்து குறைந்த உதவி பெற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள்.

இதைக் கேட்டு உதவியாளராக இருக்கும் சகோதரிகள் கோபிக்கவேண்டாம். குற்றம் அவர்கள் மீதல்ல என்று அந்த ஆய்வே தெளிவாகச் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வன்னியில் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர், அதிலே சில வருடம் தொண்டர் ஆசிரியராகச் சம்பளமில்லாமல். இங்கே அவர் ஓர் ஆரம்பப் பாடசாலையில் உதவியாளர். இன்றைக்கு என்ன பாடம் என்று அவருக்கு எப்போது தெரியும் தெரியுமா? பிள்ளைகள் வரிசையாக உள்ளே வரும்போது, கதவடியில் வைத்து ரீச்சர் அரை நிமிடத்தில் சொல்லும்போது. இருவரும் இருந்து கதைக்க அரை மணித்தியாலம்கூட அட்டவணையில் இல்லை. அவருடைய சம்பளம் மணி அடித்துப் பிள்ளைகள் வந்தபின் தொடங்கி, பிள்ளைகள் போனவுடன் நின்றுவிடுகிறது. இப்படியிருந்தால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தாளை எப்படியாவது முடிக்க வைப்பதுதான் மிஞ்சும்.

எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பற்றுச்சீட்டு அடுக்கவும் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும் கொடுப்போம். சிக்கலான கோவை வந்தால் அது அனுபவசாலியின் மேசைக்குப் போகும். பாடசாலையில் இது தலைகீழாக நடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் ரீச்சரோடு இருப்பார்கள். மொழி தெரியாமல் வந்த பிள்ளை, கவனக்குறைவுள்ள பிள்ளை, வாசிக்கத் திணறும் பிள்ளை பின்மேசையில் உதவியாளரோடு. எங்கள் சமூகத்தில் எத்தனை பிள்ளைகள் வந்த புதிதில் அந்தப் பின்மேசையில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "என்ர பிள்ளைக்குத் தனியாக ஒரு ஆள் விட்டிருக்கினம்" என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். அந்த ஆள் இருப்பதால் ரீச்சர் அந்த மேசைப் பக்கம் வருவதே இல்லையா என்று கேட்பதில்லை.

ரீச்சரிடமிருந்து கடதாசியை எடுங்கள், காசு சேர்ப்பதை எடுங்கள். எங்கள் பிள்ளையை எடுக்காதீர்கள். என்னுடைய நிலைப்பாடு இவ்வளவுதான். நல்ல பயிற்சி பெற்ற உதவியாளர், ஒரு சிறு குழுவோடு, ஒழுங்காக வகுத்த வாசிப்புப் பயிற்சியை வாரத்தில் சில தடவை செய்தால் பிள்ளைகள் நன்றாக முன்னேறுகிறார்கள் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விடயம்தான். ரீச்சரின் பாடத்துக்கு மேலதிகமாக அது நடக்கவேண்டும்.

இடையில் ஒரு வேடிக்கை. அந்த வேலைப் பட்டியலை 2014 இல் ஆசிரியர்களின் சம்பள, சேவை விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2024 இல் திரும்பவும் சேர்த்தார்கள்.

இனிச் சம்பளம். இது என் துறை என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். உதவியாளர் வேலை விளம்பரத்தில் 24,000 பவுண் என்று போட்டிருக்கிறது என்று வைப்போம். அது முழுநேரம், முழு வருடம் வேலை செய்பவருக்கான தொகை. வாரத்துக்கு 37 மணித்தியாலத்துக்குப் பதில் 32.5 என்றால் அது 21,000 ஆகும். தவணைக் காலம் மட்டும் என்றால், விடுமுறைச் சம்பளத்தையும் சேர்த்து 44, 45 வாரத்துக்குத்தான் கணக்கு. கடைசியில் 18,000 அளவில் வந்து நிற்கும், வரிக்கு முன்னர். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தருவதால் ஓகஸ்ட் மாதமும் சம்பளம் வருகிறது. அது இனாம் அல்ல, உங்கள் காசுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர் மூன்றைக் கேளுங்கள்: கையில் வரும் உண்மையான வருடத்தொகை என்ன, ஆசிரியரோடு கதைக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, தனியாக வகுப்பெடுக்கச் சொன்னால் அதற்கு எந்தத் தரம். உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கிறார்களா என்றும் பாருங்கள். மாதச் சம்பளத்தில் கழிபடுகிறதே என்று அதை விட்டு விலகுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நிர்வாகமும் தன் பங்குக்கு அதில் நல்ல தொகை போடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் சந்திப்பில் பத்து நிமிடம்தான் தருவார்கள். அதில் ஐந்து நிமிடம் "நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை" என்பதிலே போய்விடும். ஆகவே கேள்வியை வீட்டிலேயே எழுதிக் கொண்டு போங்கள். வாரத்தில் எத்தனை தடவை என் பிள்ளையோடு நீங்களே இருந்து வாசிக்கிறீர்கள்? உதவியாளரோடு வகுப்புக்கு வெளியே போகும்போது எந்தப் பாடத்தைத் தவற விடுகிறான்? அந்த உதவியாளரும் நீங்களும் எப்போது சந்தித்துக் கதைக்கிறீர்கள்? ஆங்கிலம் தடை என்றால், பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். அவன் தனக்குச் சாதகமாகத்தான் மொழிபெயர்ப்பான். தமிழ் தெரிந்த உதவியாளர் அதே பாடசாலையில் இருந்தால், அன்று பின்னேரம் அவரை நிற்கவைக்க முடியுமா என்று அலுவலகத்தில் ஒரு வாரம் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.