தீர்ப்பானும் கற்பிப்போனும்

 

பிணியுற்ற குழந்தையைத் தோளிற் சுமந்து சென்ற தாய், மருந்துச் சீட்டோடு மீள்கின்றாள். அதில் ‘பி.டி.’ என்று இரண்டே எழுத்துகள். அவை ஆங்கிலமும் அல்ல. ‘பிசு தியே’ என்னும் இலத்தீன் தொடரின் குறுக்கம்; நாளுக்கு இருமுறை என்பது பொருள். உரோமப் பேரரசு மேற்கில் வீழ்ந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், தமிழ்த்தாயின் கைச்சீட்டில் அதன் மொழி வீழவில்லை!

இது வெறும் மொழிச் செருக்கன்று, உயிர்ச் சிக்கல். ‘ஓ.டி.’ என்பது மருந்துச் சீட்டில் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவத்திலோ வலக்கண்! ‘கியூ.டி.’ என்றால் நாள்தோறும், ‘கியூ.ஐ.டி.’ என்றால் நாளுக்கு நான்முறை. நடுப்புள்ளி சற்றே நீண்டால் ஒருமுறை நான்முறையாகும், மருந்தே நஞ்சாகும். இக் கேட்டைக் கண்டே, அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் கூட்டு ஆணையம், 2004ஆம் ஆண்டில் ‘கியூ.டி.’ முதலிய குறுக்கங்களை விலக்கியது. பிரித்தானிய மருந்து வழிகாட்டி நூலும், மருந்துண்ணும் முறையைக் குறுக்கமின்றி ஆங்கிலத்தில் எழுதுதலே நன்று என்கின்றது. அவரவர் தத்தம் மொழிக்குத் திரும்புகின்றனர். தமிழரோ அவர் கழித்ததைக் காத்துக் கிடக்கின்றனர்!

இனி, ‘டாக்டர்’ என்னும் சொல்லை நோக்குக. ‘தோக்கேரே’ என்றால் கற்பித்தல். ‘தோர்’ என்பது செய்வோனைக் குறிக்கும் இலத்தீன் ஈறு. எனவே கற்பிப்போன் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். அதன் இறுதி ‘அர்’ என ஒலிப்பதால், புலவர், மருத்துவர் என்பவற்றின் உயர்வு ஈறு போலவே தமிழ்ச் செவிக்கு மயக்கம் தருகின்றது. அது வேறு; இது வேறு.

செய்வோனைக் குறிக்கும் ஈறு தமிழுக்கு இல்லையா? 950ஆம் குறளில் வள்ளுவர் மருத்துவனைத் ‘தீர்ப்பான்’ என்கின்றார். ‘தீர்’ என்பது பகுதி. ‘ஆன்’ என்பது ஈறு. நோய் தீர்ப்பவன் என்று சொல்லே தொழிலைச் சொல்லி நிற்கின்றது.

கற்பிப்போன் என்னும் பெயரைத் தாங்கியவர், தாய்க்கு விளங்காத எழுத்தைத் தருவது அப் பெயருக்கே இழுக்கன்றோ? தமிழில் மருத்துவம் இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலவர்க்கு இயன்றது தமிழ் மருத்துவர்க்கு இயலாதா?

‘காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின்’ — இவ்வளவே வேண்டுவது. இதனை எழுதப் புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டா. மனம் ஒன்றே வேண்டும். மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதுமாறு ஒவ்வொரு தமிழரும் கேட்டு வாங்குக! கேட்பது இரவலன்று, உரிமை.

வெல்க தமிழ்!