காடும் சாலையும்



கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை ஓங்கி நிற்கிறது. கோமுகி ஆறு அங்கே பிறந்து, நம் வயல்களை நனைக்கிறது. அம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்தம் மொழி தமிழே.

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஒருநாள் வகுப்பில் காட்டைக் காப்பதன் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். மலையூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, சென்ற மாதம் என் அத்தையை டோலி கட்டித் தூக்கி வந்தோம். வழியிலேயே இறந்துவிட்டார். காடு வேண்டும் என்கிறீர்கள். எங்களுக்குச் சாலை வேண்டாமா?" என்றான். நான் விடை கூறாது பாடத்தைத் தொடர்ந்தேன். அது பிழை. இன்று விடை கூற முயல்கிறேன்.

இன்றைய தேவையை நிறைவு செய்க; ஆனால் நாளை பிறப்போரின் தேவையைப் பறித்துவிடாதே. இதுவே நீடித்த வளர்ச்சி என்னும் கொள்கை. ஐக்கிய நாடுகள் அமைத்த ஆணையம் 1987ஆம் ஆண்டு இதனை உலகுக்கு விளக்கியது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில், 1996ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றம் இக்கொள்கையை ஏற்றது.

காட்டு நிலத்தைப் பிற பயனுக்குத் தருவதாயின் மைய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டுச் சட்டம். இது காட்டுக்கு அரண்; மலையூருக்கோ சில வேளை தடை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அத்தடையில் ஒரு வாயில் திறந்தது. பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை முதலியவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபை பரிந்துரைத்தல் வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 4 மீட்டர் அகலச் சாலையெனில், 1 ஹெக்டேர் இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கே போதும். ஆகவே, இது காட்டைப் பிளக்கும் பெருவழிக்கன்று. நோயாளியைச் சுமக்கும் சிறுவழிக்கே.

அதே சட்டம், காட்டுக்கும் விலங்குக்கும் கேடு வாராது காக்கும் அதிகாரத்தையும் அக்கிராம சபையிடமே அளித்துள்ளது. உரிமையும் கடமையும் ஒரே கையில் அன்றோ! அச்சபையில் ஊரின் வயதுவந்தோர் அனைவரும், பெண்கள் உட்பட, உறுப்பினர்.

மாணவர்களே, பதினெட்டு வயது நிறைந்ததும் உங்கள் ஊர்ச் சபையில் சென்று அமருங்கள். ஒருவன் எழுந்து கேள்வி கேட்டால், நான் செய்ததுபோல் வேறு பாடத்துக்குச் சென்றுவிடாதீர்கள்.