முதலில் எது கண்ணில் பட வேண்டும்?

(அம்பத்தூரில் நம் அறக்கட்டளை நடத்தும் வணிக ஓவியப் பயிற்சி வகுப்பின் தொடக்க நாளில் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஆற்றிய உரை)



உள்ளே வந்ததும் பலரும் கேட்டது ஒன்றைத்தான்: "கம்ப்யூட்டரில் எப்போது உட்கார வைப்பீர்கள்?" முதல் மூன்று மாதம் பென்சிலும் தாளும் மட்டும்தான். சம்பாதிக்க வேண்டிய வயதில் பிள்ளையை இங்கே அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு நோட்டீஸ் அடித்தோம். மேலே அறக்கட்டளையின் பெயர், அடுத்து நிர்வாகிகளின் பெயர்கள், நான்கு போட்டோக்கள், சுற்றிலும் பூ பார்டர். நாள், நேரம், இடம் மூன்றும் கீழ் மூலையில், மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தில். பார்வை மங்கியவர்களுக்கான முகாம் அது! ஜும்ஆ முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவர் அந்த நோட்டீஸைத் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார், பிறகு "என்னைக்குப்பா?" என்று எங்களையே கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் எல்லா நோட்டீஸும் அச்சாகிவிட்டது. வர வேண்டிய பலர் அன்று வரவில்லை.

அதுவும் கம்ப்யூட்டரில் செய்த நோட்டீஸ்தான். மெஷின் மேல் குற்றமில்லை. படிப்பவருக்கு முதலில் எது தெரிய வேண்டும், அடுத்து எது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. முதன்மை, வேறுபாடு, விகிதம், சமநிலை என்று புத்தகத்தில் எத்தனையோ பெயர்கள் வரும்; தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டும் அந்த ஒரு நோட்டீஸில் இல்லாமல் போனதை மட்டும் மறக்காதீர்கள்.

நம் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகிலிருந்து 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கிய உருது நாளிதழ் 'தி முசல்மான்'. மற்ற பத்திரிகைகள் எல்லாம் கணினிக்குப் போன பிறகும் நீண்ட காலம் அதன் நான்கு பக்கங்களையும் காத்திபுகள் கலத்தால், கையாலேயே எழுதினார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடைசி நேரச் செய்தி வந்தால் போடுவதற்கென்று முதல் பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டு வைப்பார்கள். மையில் எழுதியதை அழித்து அழித்து நகர்த்த முடியாது. எனவே தலைப்புக்கு எவ்வளவு, செய்திக்கு எத்தனை வரி, எங்கே இடம் விடுவது என்பதெல்லாம் கலத்தைத் தொடுவதற்கு முன்பே கண்ணில் இருந்தாக வேண்டும். வெற்றிடம் வீணான இடமில்லை என்பதை அவர்களிடம்தான் கற்க வேண்டும். நம் நிக்காஹ் அழைப்பிதழ்களைப் பாருங்கள், விரல் வைக்க இடம் இருக்காது!

விகிதமும் நமக்குப் புதிதல்ல. பக்தாதில் அப்பாசிய கலீபாக்களுக்கு வஸீராக இருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, கலத்தின் முனையால் இடும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக வைத்தார். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவு. தமிழ் எழுத்து வரையும்போதும் இப்படி ஓர் அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 'க'வுக்கு ஓர் உயரம், 'ம'வுக்கு ஓர் உயரம் என்று கைபோன போக்கில் போனால் பெயர்ப்பலகை ஆட்டம் காணும்.

இனி வரைதல். பிரியாணி தேக்சாவை வரையச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியை நேர்கோடாக இழுத்து மூடிவிடுவீர்கள். வாய் வட்டம் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். அடியும் அதே போல் வளையும், வாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே வளையும். தெரிந்ததை விட்டுத் தெரிகிறதை வரையக் கைக்குச் சில வாரமாவது ஆகும். அதன் பிறகு அட்டைப்பெட்டி, டம்ளர், செருப்பு என்று எதைக் கொடுத்தாலும் வரும். நிழலுக்கு 2பி பென்சில் போதும். அழி ரப்பரை வகுப்புக்குக் கொண்டு வர வேண்டாம்.

உயிருள்ளவற்றை வரைவது பற்றிச் சில பெற்றோர் தயங்கினார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்ல, அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகுப்பில் எழுத்து, பொருள், பாக்கெட், கோல வடிவங்கள் இவற்றோடே ஓராண்டு ஓடிவிடும்.

மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். அரசுத் தேர்வுகள் துறையின் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளிதான் இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய்விட்டால் அதிக தூரமில்லை. பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

வீட்டுப்பாடம் இதுதான். ஒரு தாளை எட்டாக மடியுங்கள். அந்தப் பழைய நோட்டீஸை எட்டுக் கட்டத்திலும் எட்டு விதமாக அமைத்துப் பாருங்கள். எழுத்துக்குக் கோடு, போட்டோவுக்குப் பெட்டி, அவ்வளவு போதும். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதைத் தம்ப்நெயில் என்பார்கள். பிறகு வீட்டில் வயதானவர் யாரிடமாவது எட்டையும் கை நீட்டும் தூரத்தில் காட்டி, எதில் நாளும் இடமும் சட்டென்று தெரிகிறது என்று கேளுங்கள். அவர் தொட்டுக் காட்டும் கட்டத்தில் ஒரு டிக் போட்டு, இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு கொண்டு வாருங்கள். அடுத்த முகாம் நோட்டீஸை அதிலிருந்துதான் அச்சடிக்கப் போகிறோம். நிர்வாகிகளின் போட்டோ வேண்டாமென்று கூட்டத்தில் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று.