மீட்புப் பணமும் நம் கடலும்



ஜூபிலி மேடையில் அரசாங்கத்தின் கணக்கு வழக்கைப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். அந்தக் கணக்கில் நம் படகும் வலையும் இருப்பதால் பேசத் துணிகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. படகுகள் கரையேறின. கூடை சுமந்து மீன் விற்கும் தாய்மார்கள் வீட்டோடு முடங்கினர். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்பது யாவரும் அறிந்ததே. மீன் முட்டையிட்டுப் பெருக விடும் நாள்கள் அவை. அவ்வாண்டு மட்டும் மே 31-உடன் முடித்து 47 நாளாக்கினார்கள். ஊரடங்கில் படகுகள் முன்பே நின்றிருந்தன. ஆகவே நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மனிதர் பட்ட நஷ்டத்துக்கு மீன்குஞ்சுகளிடம் கடன் வாங்கினோம்.

அதே மே மாதம் மத்திய அரசு 20 லட்சம் கோடி ரூபாய் மீட்புத் திட்டத்தை அறிவித்தது. அதில் மீன்வளத்துக்கு 20,050 கோடியில் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம். (2019 பட்ஜெட்டிலேயே சொன்னதுதான், கொள்ளைநோய் வந்ததும் நிவாரணக் கணக்கில் சேர்ந்துகொண்டது!) ஐந்தாண்டில் மீன் உற்பத்தியை 70 லட்சம் டன் கூட்டுவது அதன் குறிக்கோள். கடல் சூடேறி வருகிறதே, அதற்கு என்ன? பின்னர் இதே திட்டத்தில், பருவநிலை மாற்றத்தைத் தாங்கவல்ல 100 மீனவக் கிராமங்களுக்கென்று கிராமத்துக்கு 2 கோடி ஒதுக்கினார்கள். பெருக்கினால் 200 கோடி. நூறு ரூபாயில் ஒரு ரூபாய்!

ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் மீட்பு நிதி வழங்கியபோது, ஒவ்வொரு நாடும் நூற்றுக்கு 37 பங்காவது பருவநிலைப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதித்தது. அவர்கள் செல்வந்தர்கள் எனலாம். நம் தமிழக அரசும் அதே 2021-இல் 100 கோடியில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் அறிவித்ததே! நீர்நிலை தூர்வாரவும் மரம் நடவும் ஏழைகளுக்குக் கூலி. தொகை சிறிது; வழி சரி. கூலியும் கிடைக்கும், ஆறும் பிழைக்கும்.

மாறாக, வளர்ச்சி என்றால் கடற்கரையில் கான்கிரீட் என்றே பலர் எண்ணுகிறார்கள். அடையாற்று முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைப் பாருங்கள், 1977-இல் முறிந்தது. ஆறும் கடலும் மணலை மாற்றி மாற்றிப் போடும் இடம் அது. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கரையோர மேம்பாலச் சாலை என்ற பேச்சு எழுந்தபோது மீனவக் குப்பங்கள் எதிர்த்தது வீம்புக்காக அல்ல.

நாளை நம் குப்பத்துக்கென்று 2 கோடி வந்தால் எதைக் கேட்போம்? மீன் விற்கும் பெண்களுக்கு நிழலும் ஐஸும், மீன் உலர்த்தத் தளம், வலை காயும் மணல்மேடு மேடாகவே இருப்பது, ஆற்றுவாய் அடைபடாமல் இருப்பது. இன்னும் என்னென்ன என்று பஞ்சாயத்தாரும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து இப்போதே எழுதி வைக்க வேண்டும். அதிகாரிகள் வரும் நாளில் எழுதத் தொடங்கினால், அவர்கள் கையில் வரைபடம் முன்பே தயாராக இருக்கும்.