குப்ரெஸ் மலையில் புல்லறுப்புத் திருவிழா

இன்று நாம் போகும் ஊர் குப்ரெஸ். ஐரோப்பாவின் தென்கிழக்கில், பொஸ்னியா ஹெர்செகோவினா நாட்டு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தலைநகர் சாரயேவோவிலிருந்து கிளம்பி, பூகோய்னோ நகரைத் தாண்டி மேற்கே ஏற வேண்டும். வளைந்து வளைந்து போகும் பாதை முடிந்ததும், ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் ஒரு பெரிய சமவெளி சட்டென்று விரிகிறது. தெற்கே 2,006 மீட்டர் உயரமான சின்ட்சார் சிகரம். மற்றபடி எங்கே திரும்பினாலும் புல்தான்.

பல பயிர்களுக்கு இங்கே கோடை போதாது. குளிர்காலம் அவ்வளவு நீளம். பனி மூடிய மாதங்களில் ஆடும் மாடும் கொட்டிலில்தான் கிடக்கும். அத்தனை நாளுக்கும் தீனி, கோடையில் அறுத்துக் காயவைத்த புல். புல் குறைந்தால் மாடு மெலியும், பாலும் பாலாடைக்கட்டியும் போய்விடும். அதனால்தான் நன்றாகப் புல்லறுக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் அப்படியொரு மரியாதை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில், ஸ்ட்ர்ல்யானிட்சா என்ற புல்வெளியில் இதைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். கலந்துகொள்பவர்கள் 18 வயது நிரம்பிய ஆண்கள். எவ்வளவு நேரத்தில், எவ்வளவு உழைப்பில், எவ்வளவு புல் விழுந்தது என்று பார்த்து வெற்றி தீர்மானமாகிறது. அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் வித்தை இது. 2020இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அரிவாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோசா என்று அங்கே பெயர். நம் கதிர் அரிவாள் மாதிரி குனிந்து பிடித்து அறுப்பதல்ல. ஆள் உயர மரப்பிடி, அதன் நுனியில் நீண்டு வளைந்த தகடு. நின்றபடியே, இரு கையாலும் பிடித்து, வலமிருந்து இடமாகத் தரையை ஒட்டி இழுக்க வேண்டும். வெட்டக் கூடாது, வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கைபலத்தை மட்டும் நம்புகிறவன் சீக்கிரமே மூச்சு வாங்குவான். இடுப்பைத் திருப்பி அறுக்கிறவன் நிதானமாக முன்னேறுவான். அறுந்த புல் அவன் இடப்பக்கம் ஒரே வரிசையாக விழுந்துகொண்டே வரும். பனித்துளி காயாத விடியற்காலையில் புல் இளகி அறுபடும். வெயில் ஏறினால் முரண்டு பிடிக்கும்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது தீட்டுவதைத்தான். கூட்டம் முழுக்க வேகத்தைப் பார்த்துக் கைதட்டும். ஆனால் பாதி வித்தை போட்டிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தரையில் அடித்து நட்ட சின்னப் பட்டறைக்கல்லில் தகட்டின் விளிம்பை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பு காகிதம்போல் மெலியும். பிறகு இடுப்பில் தொங்கும் தண்ணீர்க் குடுவையிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இழுப்பார்கள். அறுப்பின் நடுவிலும் அடிக்கடி நின்று தீட்டத்தான் வேண்டும். அவசரத்தில் அதைத் தள்ளிப்போடுகிறவன் பின்தங்கிப் போவான்.

எனக்கு ஒரு குறை உண்டு. அறுத்த புல்லைப் புரட்டி, காயவைத்து, வாரிச் சேர்த்ததில் பெண்களின் உழைப்பு கொஞ்சமல்ல. போட்டியில் அதற்கு மதிப்பெண் இல்லை.

இயந்திரம் வந்தபின் இந்த வட்டாரத்தில் என்ன நடந்தது என்று பார்க்க, லிவ்னோ நகரின் பக்கம் போய் வாருங்கள். டிராக்டர் வாங்கியதும் விவசாயிகள் அவிழ்த்துவிட்ட குதிரைகளின் வாரிசுகள், சின்ட்சார் மலையடிவாரத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. குதிரைக்கு வேலை போயிற்று. கையரிவாளுக்கு இந்தத் திருவிழாவாவது மிஞ்சியது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஜூலையிலும் இரவில் குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று முக்கியமானது: 1992இல் குப்ரெஸ் போர்க்களமாக இருந்த ஊர். போரில் புதைத்த கண்ணிவெடிகள் இந்த நாட்டில் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. புல்வெளி எவ்வளவு அழைத்தாலும், உள்ளூர்க்காரரைக் கேட்காமல் பாதையை விட்டு இறங்காதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.