விதைத் தட்டு உடைந்தால் கருவியைத் தூக்கிப் போடணுமா?



விதைப்புக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து விதைத் தட்டு உடையும். உள்ளங்கையளவு பிளாஸ்டிக்தான். பழைய மாடல் என்றால் கடையிலே கிடைக்காது. இந்த ஒரு தட்டுக்காக நல்ல கருவி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

இதற்கு ஒரு வழி, முப்பரிமாண அச்சு. 3டி பிரிண்டிங்னு சொல்றாங்களே, அதுதான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தின்படி, இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, சுவர் எழுப்புகிற மாதிரி வரி மேல் வரியாக வைத்துப் பொருளை உருவாக்கும். ஒரு வரியின் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இந்த இழை முறைக்கான முதல் காப்புரிமை 2009-இல் முடிந்தது. அதன் பிறகு இயந்திரத்தின் விலை நன்றாக இறங்கியது.

ஆலையில் தட்டு வார்க்க இரும்பு அச்சு செய்யணும். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் அது கட்டும். ஒன்றிரண்டு தட்டுக்கு முப்பரிமாண அச்சே சிக்கனம்.

பயிருக்கு ஏற்றபடியும் தட்டை மாற்றலாம். கருவியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 150 சென்டிமீட்டர் ஓடுகிறது, தட்டும் ஒரு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்துக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. ஆகவே 6 குழி. நிலக்கடலைக்கு 10 சென்டிமீட்டர், 15 குழி. விதையின் நீளத்தைவிடக் குழி பத்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு தட்டு அச்சிட்டு, சாக்கை விரித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி, விழுந்த விதையை எண்ணிப் பாருங்க. பருப்பு உடைந்தால் படத்தைத் திருத்தி மறுபடி அச்சிடலாம்.

இழையிலும் கவனம் வேணும். மக்காச்சோள மாவிலிருந்து செய்கிற பி.எல்.ஏ. இழை 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். வெயிலில் நிற்கும் கருவிக்கு ஆகாது. தாவரப் பொருள்தானேன்னு குப்பைக்குழியில் போட்டாலும் எளிதில் மக்காது. பி.இ.டி.ஜி. இழை சுமார் 80 டிகிரி வரை தாங்கும். பிரேக், அழுத்தம் தாங்கும் ஸ்பிரேயர் பாகம், வேகமாகச் சுழலும் பாகம் இவற்றுக்கு இந்தப் பிளாஸ்டிக் பாகம் வேண்டவே வேண்டாம். வரிகள் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து.

உடைந்த தட்டை வீசிவிடாதீர்கள்; அளவெடுக்க அதுதான் ஆதாரம். வரைந்த படத்தையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பட்டத்துக்கு உங்களுக்கும் உதவும், பக்கத்து வயல்காரருக்கும் உதவும்.